மரிக்கொழுந்து மணக்கும் புல்வெளியில் மூக்கு நீண்ட மான்

மே மாதம், கஜகஸ்தானின் மேற்கு மூலை. ஓரல் நகரத்திலிருந்து தெற்கே பழைய ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். மணிக்கணக்காக ஒரு மரம்கூடக் கண்ணில் படவில்லை. எட்டுகிற தூரம் வரை புல், நடுநடுவே சாம்பல் நிறச் செடி. கிள்ளிக் கசக்கி மோந்தால் மரிக்கொழுந்து வாசனை. அதற்குப் பங்காளிச் செடிதான் அது.

ஓட்டுநர் "கியீக்!" என்று கை நீட்டினார். சைகா மான்கள். நம்ம ஊர் வெள்ளாட்டு உயரம். முப்பது, நாற்பது கிலோ எடை. மூக்கு மட்டும் யானைக்குட்டியிடம் கடன் வாங்கியது மாதிரி தொங்குகிறது. கோடைப் புழுதியை வடிகட்டுவதும், பனிக்காலக் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புவதும் அந்த மூக்குதான். மே மாதத்தில் பெட்டைகள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடி, சில நாட்களுக்குள் எல்லாமே குட்டி போட்டுவிடும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி. ஓநாய் தின்றது போக மீதி பிழைக்கட்டும் என்ற கணக்கு.

கொம்பு கிடாவுக்கு மட்டும்தான். அது சீன வைத்தியத்துக்குப் போகும் சரக்கு. 1991-ல் சோவியத் உடைந்து, கூட்டுப்பண்ணைகள் கலைந்து, சம்பளம் நின்றபோது ஜனங்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். ரஷ்யப் பக்கம் கல்மிக்கியாவில், கிடா போதாமல் பெட்டைகள் சினை பிடிப்பதே குறைந்துபோனது. ஆடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து லட்சத்துக்கு மேல் இருந்த இனம், 2003 வாக்கில் கஜகஸ்தானில் இருபதாயிரம் சொச்சம். வேட்டைத் தடை, ரோந்து, 'அல்தின் தாலா' பாதுகாப்புத் திட்டம் எல்லாம் சேர்ந்து மெல்ல ஏற்றின.

2015 மே மாதம், நாட்டின் நடுப்பகுதியில், மூன்றே வாரத்தில் 2 லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தன. தாய் விழுந்த கொஞ்ச நேரத்தில் குட்டியும். காரணம் பாஸ்டுரெல்லா கிருமி. நாம் தொண்டை அடைப்பான் என்கிறோமே, அதே கிருமிதான். எங்கிருந்தோ வந்ததல்ல, மானின் தொண்டையிலேயே சும்மா கிடந்தது. அந்த நாட்களில் வழக்கத்துக்கு மீறிய சூடும் ஈரப்பதமும் சேர, கிளம்பிவிட்டது. மாட்டுக்கு மழைக்கு முன்பே ஊசி போட்டுவிடுகிறோம். காட்டு மானுக்கு யார் போடுவது? 2016 கடைசியில் மங்கோலியாவில் ஆட்டுக்கொல்லி நோய், வளர்ப்பு ஆடுகளிடமிருந்து தொற்றி, ஆயிரக்கணக்கான சைகாக்களைத் தின்றது.

ஆனாலும் 2023 கணக்கெடுப்பில் கஜகஸ்தானில் மட்டும் 19 லட்சம்! ஒரு பெட்டைக்கு இரண்டு குட்டி என்றால் சும்மாவா? அதில் பாதிக்கு மேல் இந்த ஓரல் பக்கம்.

தகராறும் இங்கேதான். தேநீர் கொடுத்த ஒரு மாட்டுக்காரர் தன் புல் நிலத்தைக் காட்டினார். ஐந்து மாதப் பனிக்கு இங்கே அறுத்துக் காயவைக்கும் புல்தான் மாட்டுக்குத் தீனி. மான் மந்தை மேய்ந்தது கொஞ்சம், மிதித்தது அதிகம். மாடு குடிக்கும் குட்டையும் சேறு. 2023-ல் அரசு எண்ணிக்கையைக் குறைக்க அனுமதித்தது, பிறகு நிறுத்தியது, 2025-ல் மறுபடி அனுமதித்தது. பாதுகாக்கச் சொன்னவர்களே புல்லுக்கு நஷ்டஈடும் தரட்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். காட்டுப்பன்றி, மயில் என்றேன். பன்றிக்குத் தலையாட்டினார். மயில் நிலக்கடலையைக் கிளறும் என்பதை மட்டும் கடைசி வரை நம்பவில்லை.