ஏரிக்கரை நிலம்

சென்ற ஆடித் திங்களில் ஒருவர் எங்கள் இல்லம் தேடி வந்தார். ஒரகடத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், ஏரிக்கரையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பத்தாண்டுக் குத்தகைக்குக் கேட்டார். பத்தாயிரம் முட்டைக் கோழிகள் வளர்ப்பது அவர் திட்டம். 2010-இல் ரெனோ நிஸான் கார்த் தொழிற்சாலை இங்கே தொடங்கியபின் தொழிலாளர் விடுதிகளும் உணவகங்களும் பெருகிவிட்டன. முட்டைக்குக் கேட்பாரில்லை என்ற நிலை வராது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வழி தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அவர் கூறிய தொகை இனித்தது என்பதை மறைப்பானேன்?

எங்கள் தாயார் மட்டும், “முட்டையை விற்றுவிடுவார். எச்சத்தை எங்கே கொட்டுவார்?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை காண நாமக்கல் சென்று, உறவினர் ஒருவரின் பண்ணையைப் பார்த்தோம். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும் என்றார் அவர். அப்படியானால் பத்தாயிரம் கோழிக்கு நாள்தோறும் ஒரு டன்! உலர்ந்து கிடக்கும்வரை அது உழவர் விரும்பி வாங்கும் எரு. ஈரம் பட்டாலோ அம்மோனியா எழுந்து கண்ணைக் கரிக்கும்; ஈக்கள் முட்டையிட்டுப் பத்து நாளில் படையாய்ப் பெருகும்; மழை கரைத்துச் செல்லும் உப்புகள் கிணற்றில் நைட்ரேட்டாய்ச் சேரும். “இங்கே மழை குறைவு, மேட்டு நிலம், அதனால் சமாளிக்கிறோம்” என்றார் உறவினர்.

எங்கள் நிலமோ 2015 வெள்ளத்தில் முழங்காலளவு நீரில் நின்றது. இப்பகுதி ஏரிகள் தம் மிகுநீரை ஒன்றுக்கொன்று வழங்கி, இறுதியில் செம்பரம்பாக்கத்திற்கோ அடையாற்றிற்கோ சேர்ப்பவை. செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் அளிப்பது. எங்கள் வரப்பில் கரைவது எவர் குவளையில் போய் முடியும்?

கோழிப் பண்ணைகளுக்கு அளித்திருந்த விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் ஆணையிட்டது. அதன்பின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைகள், குடியிருப்புக்கு 500 மீட்டரும் ஏரி, ஆறுகளுக்கு 100 மீட்டரும் தள்ளியே பண்ணை அமையவேண்டும் என்கின்றன. எங்கள் நிலத்திலிருந்து ஏரி நாற்பது அடி தூரங்கூட இல்லை. இதைச் சொன்னபோது, “யார் வந்து அளக்கப் போகிறார்கள்?” என்று சிரித்தார் வந்தவர்.

நாங்கள் மறுத்துவிட்டோம். கட்டணத்திற்குத் தாயாரின் சங்கிலி அடகுக்குச் சென்றது, இன்னும் மீளவில்லை.

முட்டை நல்லுணவு, பள்ளிச் சத்துணவில் ஏழைக் குழந்தையின் பசியாற்றுவது. அதை நாங்கள் பழிக்கவில்லை. ஆயினும் மலிவான முட்டையின் மீதி விலையைப் பண்ணைக்கு அருகில் வாழ்பவர் தம் காற்றாலும் கிணற்றாலும் செலுத்த நேரலாகாது. நிலம் உடையவர் கொடுக்குமுன்னும், உண்பவர் வாங்குமுன்னும், எங்கள் தாயார் கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டால் போதும்.