வாசற்படியில் ஒரு தட்டு

2020-ஆம் ஆண்டு ஜூலை மாதம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த என் அக்கா, ஒருநாள் மாலை கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி வந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை. "அம்மா, கிட்ட வராதே! பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குக் கொரோனாவாம்" என்று தெருவிலேயே நின்று கூறினாள்.

மறுநாள் காய்ச்சல் முகாமில் அவள் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்கள். முடிவைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

முன்னறை அக்காவுக்கு, அடுக்களையும் திண்ணையும் எங்களுக்கு. அம்மா வாசற்படியில் தட்டை வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்குவாள். பிறகுதான் கதவு திறக்கும். கோயிலும் பூட்டிக் கிடந்த காலம் அல்லவா! இரவில் கதவுக்கு அப்புறம் அவளும் இப்புறம் நாங்களுமாகச் செபமாலை சொல்வோம். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, மூன்றாம் நாளும் கடந்தது. "ஒரு குச்சியைப் பார்த்துச் சொல்ல எத்தனை நாள்தான் ஆகும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் கேள்விக்கு விடை, பல ஆண்டுகள் கழித்து உயிரியல் வகுப்பில் ஆசிரியை பி.சி.ஆர். முறையை விளக்கியபோதுதான் எனக்குக் கிடைத்தது. மாதிரியிலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதை டி.என்.ஏ.வாக மாற்றி, சூடேற்றியும் ஆறவைத்தும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடுகிறது! கண்ணுக்குத் தெரியாத கிருமி அப்போது ஒளியாய்த் தெரிந்து அகப்பட்டுக்கொள்கிறது. இதையெல்லாம் இயந்திரம் ஓரிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுமாம். அப்படியானால் மீதி நாளெல்லாம் எங்கே போயிற்று? வரிசையில்தான்!

அதற்குச் சில மாதங்கள் முன்பு அந்த வரிசை புனே வரை நீண்டிருந்தது. 2020 ஜனவரியில் நாடு முழுவதற்கும் அங்குள்ள தேசிய வைராலஜி நிலையம் ஒன்றே சோதனை செய்தது. பிறகு நம் கிண்டி கிங் நிலையம் சேர்ந்தது. 1899-இல் தொடங்கி, அந்நாளில் அம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த இடம் அது. ஜூன் முடிவதற்குள் இந்தியாவில் ஆயிரம் கூடங்கள். ஜூலை முடிவதற்குள் தமிழகத்தில் மட்டும் நூறுக்கு மேல்.

கூடம் இருந்தால் போதுமா? சோதனைப் பொருள்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. புனேயில் மினல் டகாவே போஸ்லே என்ற ஆய்வாளரின் குழு, உள்நாட்டிலேயே அதனை ஆறே வாரத்தில் செய்து முடித்தது. மார்ச் 18 அன்று அவர் அதைப் பரிசோதனைக்கு ஒப்படைத்தார். மறுநாள் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது! இதை ஆசிரியை சொன்னதும் வகுப்பே கைதட்டியது.

பிற மாநிலங்கள் பல, அரை மணியில் முடிவு தரும் விரைவுச் சோதனையையும் கையாண்டன. அது தொற்றுள்ள சிலரையும் 'இல்லை' என்று அனுப்பிவிடும். ஆகவே தமிழகம் பி.சி.ஆரையே பிடித்துக்கொண்டது. அந்தப் பிடிவாதம் சரி என்றே இன்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்று, கையில் தட்டோடு நின்ற அம்மாவிடம் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாளா?

நான்காம் நாள் மாலை அக்காவின் கைப்பேசியில் செய்தி வந்தது. தொற்று இல்லை! அன்றிரவு அவள் அடுக்களையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் அந்தச் செய்தியைக் காவலாளியிடம் காட்டி வேலைக்குப் போனாள். அந்த மாதச் சம்பளத்தில் நான்கு நாள் கூலியைப் பிடித்திருந்தார்கள்.