ஜீரோ டிக்கெட் குடும்பம்

மேச்சேரி பஸ் ஸ்டாண்டில் என் குடும்பம் முழுக்க டவுன் பஸ் ஏறினால் ஆகிற செலவு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!

கணக்கு ரொம்ப சுலபம். அம்மா, மனைவி, பெரிய பெண், கடைக்குட்டிப் பெண்... இந்த நாலு பேருக்கும் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. நடுவில் பிறந்த பயலுக்கு மாற்றுத்திறனாளி அட்டை இருப்பதால் அவனும் இலவசம். மிச்சம் நான் ஒருத்தன். மாற்றுத்திறனாளிக்குத் துணையாக வருகிற ஒரு ஆளுக்கும் சலுகை உண்டு. ஆக, நானும் ஓசி!

கண்டக்டர் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டார். “ஏன் சார், காசு குடுத்து டிக்கெட் வாங்கற ஆளு ஒருத்தராச்சும் உங்க வூட்ல பொறக்கலையா?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இதே ஆறு பேரை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியா கிளம்பலாம் என்று நான் கணக்குப் போட்ட கதையைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். கொஞ்ச தூரம் வரைக்கும்.

நான் பி.காம். சேலத்தில் ஒரு மில்லில் சில வருஷம் கணக்கு எழுதினேன். இப்போது பகலில் நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, ராத்திரியில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை. இரண்டும் சேர்ந்து ஒரு சம்பளம் மாதிரி தோற்றம் தரும், அவ்வளவுதான். இந்த நிலையில்தான் கூடப் படித்த சிநேகிதன் பெர்த் நகரத்திலிருந்து போன் பண்ணினான். “அக்கவுன்டன்டுக்கு இங்க வாய்ப்பு இருக்குடா. நாப்பத்தஞ்சு வயசு ஆயிட்டா விண்ணப்பமே போட முடியாது. இப்பவே பாரு!”

சம்பளத் தொகையைச் சொன்னான். எனக்கு ஆசை வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்னைச் சாய்த்தது சம்பளமில்லை, அவன் அனுப்பிய ஒரு வீடியோ. அந்த ஊர் டவுன் பஸ் ஒன்று வந்து நிற்கிறது. நின்றதும் யானை மாதிரி ஒரு பக்கமாக மெல்லத் தாழ்கிறது. கதவிலிருந்து ஒரு பலகை தரையில் இறங்குகிறது. சக்கர நாற்காலியில் ஒரு பையன் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போகிறான். யாரும் யாரையும் தூக்கவில்லை.

அந்த வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

என் பயலுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கால் இரண்டும் பேச்சைக் கேட்காது. வாய்ப் பேச்சு எங்களுக்குப் புரியும், அடுத்தவருக்குப் பாதி புரியும். ஆனால் ஹாரன் சத்தத்தை வைத்தே வருவது மேட்டூர் வண்டியா, சேலம் வண்டியா என்று சொல்லிவிடுவான். அவனைத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். போன வருஷம் இருபது கிலோ, இப்போது இருபத்திரண்டு. அவன் வளர்ந்துகொண்டே இருக்கிறான். என் முதுகு வளரவில்லை.

கிளம்பினேன் ஒரு கன்சல்டன்சிக்கு. ஜிலுஜிலுவென்று ஏ.சி., சுவரில் கங்காரு படம். டை கட்டிய தம்பி என் சான்றிதழையெல்லாம் புரட்டிவிட்டு “சூப்பர் சார்” என்றார். குடும்ப விவரம் கேட்டார். சொன்னேன். பேனா நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையனப் பாட்டிகிட்ட விட்டுட்டு, ஃபார்ம்ல குழந்தைங்க ரெண்டுன்னு போட்டுருவோம். அங்க செட்டிலானப்புறம் பாத்துக்கலாம்!”

நான் எழுந்து அவர் கன்னத்தில் அறைந்தேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும். நான் அறையவில்லை. “யோசிக்கிறேன்” என்று சொல்லி ஃபார்மை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியபின் உட்கார்ந்தேன். குழந்தைகள் எண்ணிக்கை என்று போட்டிருந்த கட்டத்தில் பென்சிலால் ‘2’ என்று எழுதினேன். பேனாவால் எழுதத் தைரியம் வரவில்லை, பென்சிலுக்கு வந்தது.

காலையில் மேஜையைத் துடைக்க வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. “ஏங்க, ரெண்டுன்னு போட்டிருக்கீங்களே... உங்களுக்குத்தான் கணக்குல தப்பே வராதே?” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இட்லி ஊற்றப் போய்விட்டாள். அன்றைக்கு அந்த இட்லி எனக்கு இறங்கவில்லை.

அம்மா விஷயத்தைக் கேட்டு, “நீங்க போங்க சாமி. எம் பேரன நான் பாத்துக்கறேன். எனக்கென்ன வயசாயிருச்சு, அறுவத்தெட்டுதானே!” என்றாள். பிற்பாடு அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள வழியுண்டா என்று பார்த்தேன். கட்டணம் குறைவான பெற்றோர் விசாவுக்கு இப்போது வரிசையில் சேர்ந்தால் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அந்த அரசாங்கமே சொல்கிறது. அம்மாவிடம் சொன்னேன். “அப்ப எந் தொண்ணூத்தெட்டு வயசுல பிளேன் ஏறோணுமா? பத்ரகாளியம்மனுக்கு அதுக்குள்ள முப்பது திருவிழா பாத்துருவேன், போடா” என்றாள்.

பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். படித்தபின் தெரிந்தது, அந்த டை கட்டிய தம்பியின் யோசனை பாவம் மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட என்று. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது உடன் வராத குழந்தையையும் பொதுவாகக் காட்டியாக வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஒருவர் தேறாவிட்டால் மொத்தக் குடும்பமும் ஃபெயில். பொய்த் தகவல் கொடுத்து மாட்டினால் மூன்று வருஷத் தடை வேறு. ஆனால் ஒன்று. ‘2’ என்று எழுதிய ராத்திரி எனக்கு இந்த விதியெதுவும் தெரியாது. அதுதான் இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது.

சரி, தேறுவது எப்படி? அங்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த ஆளை உள்ளே விட்டால் மருத்துவம், சமூக சேவை என்று அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு மருத்துவ அதிகாரி மதிப்பிடுவார். தொகை வரம்பைத் தாண்டினால் விசா இல்லை. வரம்பு முன்பு 51,000 டாலராக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் 86,000 டாலர். ஒரு டாலர் 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 47 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். டவுன் பஸ்ஸில் பூஜ்யமாக இருக்கிற என் பயலுக்கு அங்கே இவ்வளவு பெரிய விலைச் சீட்டு!

ஊனமுற்றோரைப் பாகுபடுத்தக் கூடாது என்று அந்த நாட்டில் 1992லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்திலேயே குடியேற்ற விஷயங்களுக்கு மட்டும் விலக்கு!

அவர்கள் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். அவர்கள் ஊர் வரிப்பணம், அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம். பற்று எழுதினால் எதிரில் வரவும் எழுத வேண்டுமே, முதல் வருஷ பி.காம். பையனுக்கே தெரியுமே! அப்பன் கட்டப்போகிற வரி, அம்மாவின் உழைப்பு, அக்கா தங்கை நாளைக்குச் சம்பாதிக்கப்போவது... இதெல்லாம் அந்த மதிப்பீட்டில் எந்தப் பக்கம்?

இந்தச் சந்தேகம் எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. ஹார்ஷம் என்று விக்டோரியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். டாக்டர் கிடைக்காமல் தவித்த ஊர். அங்கே ஜெர்மனியிலிருந்து டாக்டர் மோல்லர் குடும்பத்தோடு வந்து வைத்தியம் பார்த்தார். 13 வயது மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதைக் காட்டி 2008ல் நிரந்தர விசா மறுத்தார்கள். ஊரே கொதித்தது. அதே வருஷம் அமைச்சர் தலையிட்டு அனுமதி கொடுத்தார். 2023 மார்ச்சில் பெர்த்தில் இருந்த கேரளத்துக் குடும்பம் ஒன்றுக்கும் இதே நிலைமை. 10 வயது மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். நாட்டை விட்டுப் போக வேண்டிய நாள் நெருங்கி, கடைசி நேரத்தில் அமைச்சர் தலையிட்டார். கனடாவிலும் இப்படிக் கணக்குப் பார்க்கிற விதி உண்டு. அங்கே 2018ல் வரம்பை மூன்று மடங்காக்கி, சிறப்புக் கல்விச் செலவைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

ஆக, கதவு இரும்புக் கதவு இல்லை. தட்டினால் சில சமயம் திறக்கிறது. ஆனால் அமைச்சர் வரைக்கும் தட்ட வேண்டியிருக்கிறது. மேச்சேரியிலிருந்து எவ்வளவு சத்தமாகத் தட்டினால் கான்பெராவில் கேட்கும்?

விசா விஷயங்களில் அனுபவமுள்ள இன்னொருவரிடம் கேட்டேன். அவர் நேராகச் சொன்னார். “புள்ளிக் கணக்குல நீங்களாப் போற விசாவுல விதிவிலக்கு கேக்க முடியாது. கம்பெனி ஸ்பான்சர் பண்ற விசா சிலதுல கேக்கலாம். கேக்கத்தான் முடியும், கிடைக்கும்னு சொல்ல முடியாது. கட்டின பணம் திரும்பாது.”

இந்த மாதிரி ஒரு ஆள் முதல் நாளே கிடைத்திருந்தால் பென்சில் மிச்சமாகியிருக்கும்.

இப்போது நிலவரம் என்ன என்று கேட்பீர்கள். புள்ளிக் கணக்கு விசா யோசனையை விட்டுவிட்டேன். ஸ்பான்சர் செய்ய ஒரு கம்பெனி வந்தால், மூன்று குழந்தைகள் என்று பேனாவால் எழுதிப் போடுவேன். வராவிட்டால் மேச்சேரி.

மேச்சேரி சொர்க்கம் என்று கதை விடப்போவதில்லை. பயல் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சரிவுப் பாதை இருந்தது. நம்மூர் மேச்சேரி ஆடு வேண்டுமானால் அதில் ஏறும், சக்கர நாற்காலி ஏறாது. அவ்வளவு செங்குத்து! 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி மனு எழுதினேன். ஆஸ்திரேலியாவுக்கு எழுத வைத்திருந்த ஆங்கிலத்தையெல்லாம் தமிழில் இறக்கினேன். ஏழு மாதம் நடந்தேன். பாதையை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். இப்போது பெரியவள் ஒரு கையால் தள்ளிக்கொண்டே மேலே போய்விடுகிறாள்.

வட்டார வள மையத்தில் பிசியோதெரபி கிடைக்கிறது. நிராமயா என்ற காப்பீட்டில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வருஷம் ஒரு லட்சம் வரை உண்டு என்பதே எனக்கு ஆறு வயதுவரை தெரியாது... அவனுடைய ஆறு வயது! ஊருக்கெல்லாம் வரிச் சலுகை சொல்லிக்கொடுக்கிறவன் நான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் இதை விசாரித்துவிடுங்கள். விசா அப்புறம்.

ஆனால் அந்தப் பஸ் மட்டும் கனவில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பக்கமாகத் தாழ்கிற பஸ். பயலுக்கு அந்த வீடியோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்தான். பிறகு சிரமப்பட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“ஹா...ரன் எப்...டி?”

வீடியோவில் ஹாரன் அடிக்கவே இல்லை. அந்த ஊர் பஸ் மேல் அவனுக்கிருந்த மரியாதை அந்த இடத்திலேயே போய்விட்டது!

போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. திறந்தால் கத்தை கத்தையாக ஜீரோ டிக்கெட். பயல் சேர்த்து வைத்திருக்கிறான். பழக்க தோஷம், எண்ணினேன். 412. மொத்த மதிப்பு: பூஜ்யம்.

“குப்பையில போட்டுரலாமாடா?” என்றேன் விளையாட்டுக்கு.

அவன் போட்ட சத்தத்தில் அம்மா, மனைவி, பெரியவள், சின்னவள் நாலு பேரும் ஓடி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டப்பா திரும்ப அலமாரிக்குப் போய்விட்டது.