ஸ்டிக்கர் போட்ட பசங்களும் அவங்க அப்பாக்களும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளை வளர்க்கறவங்களுக்காக இந்த திரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2016 செப்டம்பர் நம்ம ஊர்ல யாருக்கும் மறந்திருக்காது. 5ஆம் தேதி, தமிழ்நாட்டுக்கு தினமும் வினாடிக்கு 15,000 கன அடி வீதம் காவிரித் தண்ணி திறக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. கர்நாடகாவுல போராட்டம். அதுல கலந்துக்கிட்ட கன்னட நடிகர்களைக் கிண்டல் பண்ணி பெங்களூருல ஒரு தமிழ் இன்ஜினியரிங் மாணவர் ஃபேஸ்புக்ல போஸ்ட் போட்டார். ஒரு கும்பல் அவரைப் பிடிச்சு அடிச்சு, மன்னிப்பு கேக்க வெச்சு, அதையும் வீடியோ எடுத்து விட்டாங்க. அது இங்க வந்துச்சு. ராமேஸ்வரத்துல கர்நாடக டிரைவர் ஒருத்தரை அடிச்ச வீடியோ அங்க போச்சு.

12ஆம் தேதி பெங்களூரு எரிஞ்சுது. தமிழ்நாட்டு பஸ்களை வரிசையா கொளுத்தினாங்க. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஒருத்தர் இறந்தார். பஸ் எல்லாம் ஓசூரோட நின்னுபோச்சு. ஜனங்க பையும் குழந்தையுமா பார்டரை நடந்தே தாண்டி அத்திப்பள்ளி போனாங்க.

எல்லாத்துக்கும் ஒரு போஸ்ட்தான் காரணம்னு சொல்ல வரல. தண்ணிப் பிரச்சனைக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. ஆனா கோபத்தை ரெண்டே நாள்ல ரெண்டு பக்கமும் கொண்டு சேர்த்தது போன்.

அப்போ அங்கன்வாடிக்குப் போன குழந்தைங்க இப்போ ஹைஸ்கூல். இங்க ஒரே கிளாஸ்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசற பசங்க. இப்போ சிப்காட் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைங்களும். அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா கம்பெனி பஸ்ல. போன் மட்டும் வீட்டுல.

ஒரு எட்டாவது பாப்பா. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரம் மாத்தியிருக்கேன்.) வயித்து வலின்னு மூணு திங்கக்கிழமை ஓபிக்கு வந்தா. ஸ்கேன், யூரின், ரத்தம் எல்லாம் நார்மல். சனி, ஞாயிறு வலியே இல்ல. இது நடிப்பு இல்லைங்க. பயத்துலயும் வயிறு நிஜமாவே வலிக்கும், குழந்தைங்களுக்கு இன்னும் அதிகமா. அம்மாவுக்குத் தமிழ் வராது. எங்க ஸ்டாஃப் நர்ஸ் ஹிந்தியில பொறுமையா பேசினப்புறம்தான் விஷயம் வந்துச்சு. கிளாஸ் குரூப்ல அவ மூஞ்சிய ஸ்டிக்கர் ஆக்கி, கீழ 'வடக்கன்'னு எழுதியிருக்காங்க. குட்மார்னிங்குக்கு பதில் அதைத்தான் போடறாங்களாம்.

கிளாஸ் டீச்சர் நல்லவங்க. பசங்களைத் திட்டாம பெத்தவங்களைக் கூப்பிட்டாங்க. நானும் போயிருந்தேன். "வெளையாட்டுக்குப் பண்ணது மேடம்"னாரு ஒரு அப்பா. பையனைக் கேட்டேன், இந்த வார்த்தைய எங்கப்பா கத்துக்கிட்டேன்னு. அவன் பேசல, அப்பா பாக்கெட்டைப் பார்த்தான். அவரே போனை எடுத்தார். அவரோட கம்பெனி குரூப் முழுக்க அதே வார்த்தை, அதே மாதிரி மீம். அதுக்கப்புறம் அவர் வெளையாட்டுன்னு சொல்லல.

போனைப் பிடுங்கி பீரோவுல பூட்டறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. பூட்டினா, அடுத்த தடவ தனக்கே ஒண்ணு நடந்தாலும் பிள்ளை உங்ககிட்ட சொல்லாது. நான் சொல்றது சின்ன வேலை. ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி, அதை அந்தப் பிள்ளை அம்மா முன்னாடி சத்தமா படிச்சுக் காட்ட முடியுமான்னு கேளுங்க. பசங்களுக்கு இது சட்டுனு புரியுது. நமக்குத்தான் லேட்டாகுது.

இன்னொண்ணு. 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஸ்டிக்கரை யார் யார் சேவ் பண்ணாங்களோ அவங்க போன்ல அப்படியே இருக்கும். அன்னிக்கு டீச்சர் ஒவ்வொரு போனா வாங்கி, ஃபேவரிட்ஸ்ல இருந்து அழிக்க வெச்சாங்க. மூணு போன்ல இருந்துச்சு, அதுல ரெண்டு அப்பாக்களோடது.

உங்க பிள்ளைக்கு இப்படி நடந்தா முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, அப்புறம் அழிக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சைபர் புகாருக்கு 1930. பிள்ளை தூங்கல, சாப்பிடல, சாகணும்னு பேசுதுன்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம். காசு கிடையாது. இல்லன்னா நேரா ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டு வாங்க, ராத்திரி ஆனாலும்.