கூழ்ப்பானையும் ரொட்டி அடுப்பும்

புதுச்சேரியை ஒட்டிய வானூர் வட்டத்தில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலிருந்து பிரியும் ஒரு சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி, ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. இரவு பத்து மணிக்கு அங்கே வேலை தொடங்கும். காலை ஆறு மணிக்குள் பன், ரொட்டி, பட்டர் பிஸ்கட், ரஸ்க் எல்லாம் கூடைகளில் ஏறி, வடக்கே கிளியனூர் வரைக்கும் கிழக்கே கோட்டக்குப்பம் வரைக்கும் உள்ள டீக்கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

தமிழர்களின் காலை உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் இட்லி, பொங்கல், இடியாப்பம் என்று வரிசையாகச் சொல்லி, பழைய சோற்றில் கொண்டுவந்து முடிக்கிறார்கள். வானூர் வட்டத்தின் காலை அந்த வரிசைக்குள் அடங்காது. திருவக்கரைப் பக்கத்துக் கல் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் போகிறவர்கள், புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்கள், சித்தாள்கள், சேதராப்பட்டு கம்பெனிகளுக்கு முதல் ஷிப்ட் போகிற பிள்ளைகள் ஆகியோரில் பலருக்கு ஒரு பன்னும் ஒரு டீயும்தான் காலைச் சாப்பாடு. அதைச் செய்கிற கைகளைப் பார்க்கத்தான் அந்த ஓட்டுக் கட்டடத்துக்குப் போனேன்.

மாஸ்டருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். சிறுவயதில் புதுச்சேரியில் ஒரு ரொட்டிக் கடையில் தட்டு கழுவப் போனவர். அங்கேயே நின்று பார்த்துப் பார்த்துத் தொழில் பிடித்துக்கொண்டார். "யாரும் உக்கார வச்சி சொல்லித் தரல தம்பி. மாஸ்டர் திரும்பி நிக்கும்போது மாவத் தொட்டுப் பாத்துக்குவோம்" என்றார்.

ஒரு மூட்டை மைதா ஐம்பது கிலோ. அதற்கு உப்பு ஒரு கிலோ. தண்ணீர் முப்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பன்னுக்கு என்றால் சர்க்கரையும் வனஸ்பதியும் கூடும். ஈஸ்ட் மட்டும் அளவில் நிற்காது. சித்திரை வெயிலில் ஓடு இரவெல்லாம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்போது ஈஸ்ட்டைக் குறைத்து, தண்ணீரில் ஐஸ் போடுகிறார்கள். மார்கழியில் ஈஸ்ட் கூடும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், மாவின்மேல் போர்த்தும் ஈரத் துணிக்கு மேலே சாக்கு ஒன்றும் ஏறும். பிசைகிற வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. எப்போது நிறுத்துவது என்பதை மாஸ்டர் பார்க்கிறார். ஓர் உருண்டை மாவைக் கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல இழுத்து, குண்டு பல்புக்கு எதிரே பிடித்தார். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக விரிந்தது. "இப்ப நிறுத்து" என்றார் பையனிடம்.

அடுப்பு செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டியது. உள்ளேயே விறகை எரிக்கிறார்கள். சவுக்கும் முந்திரி விறகும் இந்தப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த நாட்களை மாஸ்டர் நினைவுகூர்ந்தார். அப்போது விறகு மலிந்ததாம், வாங்கவே மனசு வரவில்லையாம். தீ எரிய எரிய அடுப்பின் கூரை முதலில் கரி பிடித்துக் கறுக்கிறது. சூடு முழுதாக ஏறியதும் அந்தக் கரியும் எரிந்துபோய்ச் செங்கல் வெளுக்கிறது. அதைப் பார்த்துத்தான் தணலை இழுத்து வெளியே தள்ளுகிறார்கள். நீண்ட கழியில் ஈரச் சாக்கைச் சுற்றி உள்தளத்தைத் துடைக்கிறார்கள். பிறகு ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசுகிறார் மாஸ்டர். உடனே கருகினால் பொறுக்க வேண்டும், மெதுவாகச் சிவந்தால் தட்டு உள்ளே போகலாம். வெப்பமானி ஒன்று சுவரில் தொங்குகிறது. அதை யாரும் திரும்பிப் பார்த்து நான் காணவில்லை.

முதல் சூட்டில் பன். பன்னிரண்டு நிமிடம் போதும், சிவந்த தலையோடு வந்துவிடுகிறது. அடுத்து டின்னில் வைத்த ரொட்டி, அதற்கு அரை மணிக்கு மேல். சூடு இறங்கியதும் பிஸ்கட். விடியற்காலையில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பில், முந்தின நாள் ரொட்டியை வில்லை போட்டு அடுக்கி மூடிவிட்டால் ரஸ்க். ஒருமுறை மூட்டிய தீயின் கடைசி வெப்பம் வரைக்கும் வீணாகாமல் வேலை வாங்கும் இந்த முறையை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பாடமாக வைக்கலாம்.

மாவு எழும்பிவிட்டதா என்று அறிய விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். பள்ளம் மெதுவாக நிரம்பினால் சரி. மாஸ்டர் அதற்கும் முன்னால் ஒன்று செய்தார். துணியை விலக்கி, குனிந்து, மோந்து பார்த்தார். ஏன் என்று கேட்டேன்.

"எங்கம்மா ராத்திரி கேவுரு மாவக் கரைச்சி வைப்பாங்க. மறுநா சாய்ந்தரம் மோந்து பாத்துட்டுத்தான் ஒலை வைப்பாங்க. அந்தப் பழக்கந்தான் தம்பி. பாக்கெட்டுல எழுதியிருக்கிற நேரமெல்லாம் இந்த ஊரு சூட்டுக்கு ஆவாது."

இதைக் கேட்டபோது, நான் தேடி வந்தது கைக்குக் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கூழ் வெறும் மாவுக் கஞ்சி அன்று. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசியை வேகவிட்டு அதில் ஊற்றிக் கிளறி, இரவெல்லாம் பானையில் விட்டு, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பது. பச்சை வெங்காயமோ மோர் மிளகாயோ கருவாடோ தொட்டுக்கொள்ள. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊருக்கே ஊற்றுவதும் இதே புளித்த கூழ்தான். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் போக்கை நாக்கிலும் மூக்கிலும் தெரிந்துவைத்திருந்த வீடுகள் இவை. கேழ்வரகில் பசைப்புரதம் இல்லை. புளிக்கும்போது உண்டாகும் காற்று வெளியேறிவிடும், புளிப்பு தங்கும். கோதுமை மாவில் அந்தப் பசை இருப்பதால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு மாவைத் தூக்குகிறது. ரொட்டிக்கும் கூழுக்கும் நடுவே இருக்கும் தூரம் இவ்வளவே என்றுதான் நான் சொல்வேன். ரொட்டி இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அதைச் செய்வதற்கு வேண்டிய அறிவு ஏற்கெனவே இங்கே பானைகளில் இருந்தது.

ரொட்டி வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். 1674 முதல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் ஊர். ரொட்டி இல்லாமல் அவர்களுக்குக் காலை விடியாது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல், ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தது. வானூர் ஆங்கிலேயர் பக்கம். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறும் வரை நடுவில் எல்லையும் சுங்கச் சோதனையும் இருந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் ரொட்டி நெடுங்காலம் காய்ச்சல்காரரின் சாப்பாடாகவே இருந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருப்பதைப் பார்க்கலாம். பசிக்கு ரொட்டி என்ற நிலை பின்னால் வந்தது. 1956இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. அரிசிப் பஞ்சம் வாட்டிய அறுபதுகளில் அந்தக் கோதுமை தெற்கிலும் பரவியது. 1965இல் மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி ரொட்டி சுட்டு விற்றது. ஆனால் வானூர்க் கிராமத்து டீக்கடையில் பன் கூடை நிரந்தரமாக உட்கார்ந்ததற்குக் கப்பலைவிடக் கூலி வேலையின் நேரம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சொந்த நிலத்திலோ பக்கத்து நிலத்திலோ வேலை இருந்தவரை ஒன்பது மணிக்குக் கூழ் வரப்புக்கே வந்துவிடும். ஐந்தரை மணிக்கு வேன் ஏறி இருபது கிலோமீட்டர் போகிறவருக்குக் கூழ்ப்பானை பின்னால் வராது.

வழிச் சாப்பாடு இந்த மண்ணின் பழைய பாட்டிலும் உண்டு. இந்தத் திண்டிவனம், மரக்காணம் பகுதிதான் சங்க காலத்து ஓய்மானாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், அவனைக் காணப் போகும் பாணர்களுக்கு வழியெல்லாம் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று நல்லூர் நத்தத்தனார் சொல்லிக்கொண்டே போகிறார். கடற்கரையில் சுட்ட மீன், முல்லைப் பக்கம் புளிச்சோறும் சுட்ட இறைச்சியும், வயல் பக்கம் வெண்சோறும் நண்டுக் கலவையும். அந்தப் பாட்டில் வரும் கிடங்கில் என்ற ஊர் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. நிலத்தைச் சாப்பாட்டால் அடையாளம் காட்டிய அந்தப் புலவர் இன்று இதே சாலையில் போனால், டீக்கடைப் பன்னையும் விடாமல் எழுதியிருப்பார். பாணனின் வீட்டு வறுமையில் உப்பில்லாமல் வெந்த கீரையையே எழுதியவர் அவர்.

குயிலாப்பாளையம் பக்கம் போனால் ரொட்டியின் இன்னொரு முகம். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. குயிலாப்பாளையம் சாலையில் ஆரோவில் பேக்கரி இருக்கிறது. அதைச் சுற்றியும் சிறிய ரொட்டிக் கூடங்கள். ஈஸ்ட் போடாமல் வீட்டுப் புளிப்பை வளர்த்துச் சுடும் ரொட்டிகளுக்கு இந்தப் பக்கம் நல்ல கிராக்கி. கேழ்வரகு, வரகு கலந்தும் செய்கிறார்கள். அப்படி ஒரு கூடத்தில் வேலை செய்யும் இடையஞ்சாவடி அக்கா ஒருவர் சொன்னார்: "புளிச்ச மாவ ஒரு பாட்டில்ல போட்டு, தெனம் கொஞ்சம் மாவு போட்டு வளக்கணும்னு சொன்னாங்க. அட, பழைய மாவுல கொஞ்சம் எடுத்து வச்சி புதுசுக்கு ஊத்துறது எங்க வீட்டுல பண்றதுதானேன்னு நெனச்சேன். மூணே நாள்ல புடிச்சிக்கிட்டேன்." அந்த ரொட்டி ஒன்றின் விலையில் கூட்டுரோட்டில் ஒரு குடும்பமே பன் சாப்பிடலாம். இரண்டையும் செய்வது பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

கூட்டுரோட்டுப் பேக்கரிக்கே வந்து ரொட்டி வாங்குகிறவர்களும் உண்டு. கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், வெட்டாத முழு ரொட்டியாகக் கேட்டு வாங்கினார். "பாண் எண்டா கையால பிய்க்க வேணும் தம்பி. சம்பலோட அதுதான் எங்கட காலமைச் சாப்பாடு." எழுபதுகளில் இலங்கையில் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றதையும், தன் முறை வரும்போது தீர்ந்துபோனதையும் சொன்னார். மாஸ்டர் அவருக்காக ஒரு டின் ரொட்டியை வெட்டாமல் எடுத்து வைப்பது வழக்கமாம்.

கட்டடத்துக்குள் இருந்த நேரமெல்லாம் எனக்குத் தொண்டை கரகரத்தது. மூட்டையைக் கொட்டும்போது மைதா புகையாக எழுகிறது. அங்கே நின்ற பையன் மூக்கில் துணிகூடக் கட்டவில்லை. மாவுத் தூசியால் ரொட்டிக்காரர்களுக்கு வரும் மூச்சிரைப்பை 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ராமாட்சினி, தொழில் நோய்களைப் பற்றிய தம் நூலில் எழுதிவைத்தார். ஊரே தூங்கும்போது அவர்கள் விழித்து உழைப்பதையும் குறிப்பிட்டார். 1871இல் பாரிஸ் கம்யூன், ரொட்டிக்காரர்களின் இரவு வேலையை ஒழித்து ஆணையிட்டது. 1925இல் உலகத் தொழிலாளர் அமைப்பு அதற்கென்றே ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது. பிரான்சின் நீள ரொட்டியைச் செய்யும் கைத்திறன் 2022இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. இங்கே ஓடு வேய்ந்த கட்டடத்தில் காற்றை வெளியேற்றும் ஒரு விசிறிகூட இல்லை. மாஸ்டரின் இரண்டு முன்கைகளிலும் முழங்கைவரை சூட்டுத் தழும்பு. ஒரு விசிறி, ஆளுக்கொரு முகக்கவசம், நீளமான கையுறை: இவை பெரிய செலவு இல்லை. உடனே செய்ய வேண்டியவை.

மாவை வலுவாக்கி எழுப்பப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேட்டை 2016இல் அரசு தடைசெய்தது. அதைப் பற்றிக் கேட்டதும் மாஸ்டர் நேராகவே சொன்னார்: "அப்ப எல்லாரும் போட்டோம். இப்ப இல்ல. அது இல்லாம மாவு எழும்ப வைக்கிறவன்தான் மாஸ்டர்."

ஐந்து மணிக்குப் பேக்கிங் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். ஆறு ஆறாகப் பன்னை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டிருந்தவரிடம், வீட்டில் காலைச் சமையலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்கண்ணே நேரம்? பொண்ணு மூணாவது படிக்குது. ஸ்கூல்லயே உப்புமா, கிச்சடி, பொங்கல்னு போட்டுடறாங்க. அது ஒரு நிம்மதி" என்றார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், இவரைப் போன்ற தாய்மார்களின் வேலை நேரத்துக்குக் கிடைத்த பதில். அவரே என்ன சாப்பிடுகிறார்? வேலை முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பழையது. "தெனம் இதத் தொட்டுக்கிட்டே இருக்கிறதால திங்கத் தோணாது" என்று பன்னைக் காட்டினார்.

கூடைகள் ஏறியதும் வேனில் நானும் ஏறிக்கொண்டேன். முதல் டீக்கடையில் பாய்லர் சூடாகியிருந்தது. ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையுமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கூடை தரையைத் தொடுவதற்குள் ஆளுக்கொரு பன் கைக்குப் போய்விட்டது. கடைக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு டிரைவரிடம் சொன்னார்:

"திங்கக்கெழமலேருந்து அஞ்சு மணிக்கே வேணும்பா. கிரஷர்ல ஷிப்ட மாத்திட்டாங்க. அம்பது பன் சேத்துப் போடச் சொல்லு."

டிரைவர் அங்கிருந்தே மாஸ்டருக்குப் போன் போட்டார். மாஸ்டர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பிறகு ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: "அப்ப ஒம்பது மணிக்கே மாவு போடணும். பையங்கிட்ட சொல்லிடறேன். வெறகும் கூட ஒரு கட்டு வேணும்."