ஓசையறிந்து பழுதறிதல்

கண்ணுக்குப் புலப்படாத நோயை நாடித்துடிப்பால் அறிவது வைத்தியரின் திறம். மூடிய இரும்பினுள் நிகழும் பழுதை ஓசையால் அறிவது கராஜ் தொழிலாளியின் திறம். முன்னதற்கு ஏடுகள் உண்டு. பின்னது பெரும்பாலும் செவிவழியே கைமாறி வந்தது. வன்னிப் பெருநிலத்தில் அத்திறம் கடுஞ் சோதனைக்குள்ளான காலம் ஒன்றுண்டு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடை, வடக்கிற் பெற்றோலை அரும்பொருளாக்கிற்று. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடலாயின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். உலகிற்கு இது புதிதன்று. பிரித்தானிய உழவு இயந்திரங்கள் சில இதற்கு நெருங்கிய எண்ணெயொன்றில் இவ்வாறே ஓடின. எனினும், அவை அதற்கென்றே தாழ்ந்த அமுக்க விகிதத்துடன் அமைக்கப்பட்டவை. இக்கார்கள் அவ்வாறு அமைந்தவையல்ல.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. தீப்பொறியால் எழுந்த சுவாலை பரவி முடியுமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்தெரியும். அப்பொழுது கூரிய கிணுகிணுப்பு எழும். பாரத்துடன் விசை கூட்டுகையில் அது மிகும். தீப்பொறி நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தால் தணியும். இது எரிபொருளின் குற்றமேயன்றி இயந்திரத்தின் நோயன்று.

ஆயின் நோயும் உடன்வரும். ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர்வழி இறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைக் காக்காது. அவை தேய்ந்தால் அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்கும். தீப்பொறி நேரத்தை மாற்றினும் அது அடங்காது. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகையில் எதனைக் கழற்றும்போது தட்டல் தணிகிறதோ, அந்தச் சிலிண்டருக்குரிய பெயாரிங்கே ஐயத்திற்குரியது. வால்வு இடைவெளி மிகுந்தால் மேற்புறத்தில் மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி எழும். தளர்ந்த பிஸ்டனோ குளிர்ந்த நிலையில் ஓசையிட்டுச் சூடேறியதும் அடங்கும். நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றிப் பிடியைச் செவியருகே வைத்தால் ஓசையின் இடம் தெளிவாகும். 1816இல் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் தாட்சுருளொன்றை மார்பில் வைத்து இதய ஒலி கேட்டதும் இவ்வகை முயற்சியே.

குற்றத்தை நோயென மயங்கினால், உதிரிப்பாகம் கிடைத்தற்கரிய நாளில் இயந்திரத்தை வீணே பிரிக்க நேரும். நோயைக் குற்றமென ஒதுக்கினால், வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும். நோயாளரையும் பிரசவத் தாயரையும் சுமந்த வண்டியாயின் அப்பிழை உயிரோடு விளையாடுவதாகும். ஆதலால் அச்செவிகளின் தீர்ப்பு வெறுந் தொழில் நுணுக்கமன்று, சமூகப் பொறுப்புமாகும்.

2002இன் போர்நிறுத்தத்தோடு தடைகள் தளர்ந்தன; பெற்றோல் வந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் அக்கிணுகிணுப்பை உணரும் கருவி இயந்திரத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. தீப்பொறி நேரத்தைக் கணினியே திருத்துகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அக்கருவி செய்வதைச் செவியாற் செய்தோர் இன்று முதுமையடைந்து வருகின்றனர். ஓசைக்கு ஓசை வேறுபாடு காட்ட அவர்கள் ஆண்ட சொற்களும் அவர்களோடு மறைந்துவிடக்கூடும். நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுக்கும் தமிழாய்வு, கராஜ் வாசலிலும் ஒருகணம் நின்று செவிசாய்த்தல் வேண்டும். ஏட்டில் ஏறாத அறிவும் அறிவே. அதனை உடையோர் வாழுங்காலத்திலேயே எழுதிவைத்தல் கற்றோர் கடன்.