படி எடுத்தால் போதுமா?

படி எடுப்பது ஒரு பணி; எடுத்த படியை மூலத்தோடு ஒப்புநோக்குவது மற்றொரு பணி. ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில் இரண்டையும் மனிதரே செய்தனர். இன்று முதற்பணியைக் கணினி தானாகவே செய்கிறது. இரண்டாவது இன்னும் நம்முடையதே.

எங்கள் பள்ளிக் கணினி, மாணவர் கட்டுரைகளை இரவுதோறும் ஒரு யூஎஸ்பி வன்தட்டில் படியெடுக்கும். வாரந்தோறும் அதனைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தபோது, நான்கு நாள்களாக எதுவும் சேரவில்லை!

காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். வன்தட்டைக் கழற்றியிருந்த வேளையில் செருகப்பட்ட பென்டிரைவ் ஒன்று, அதற்குரிய 'ஈ' என்னும் அடையாள எழுத்தைப் பெற்றுக்கொண்டது. மீண்டும் இணைத்த வன்தட்டோ 'எஃப்' ஆயிற்று. கணினி பழைய முகவரியிலேயே அதனைத் தேடிக்கொண்டிருந்தது. விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியில், ஆங்கில எழுத்து வரிசையின் இறுதியிலுள்ள ஓர் எழுத்தை அதற்கு நிலையாக வழங்கினோம், சிக்கல் தீர்ந்தது.

ஆயினும் கலைவிழாக் காணொளி மட்டும் சேரவில்லை. வன்தட்டு ஃபேட்32 அமைப்பில் இருந்தது. 4 ஜிகாபைட் அளவையெட்டும் தனிக்கோப்பை அவ்வமைப்பு ஏற்காது. உள்ளிருந்தவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு, என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றினோம். குறித்த நேரத்தில் கணினி உறங்காதவாறும் அமைத்தோம்.

இத்தனைக்குப் பின்னும் ஒரு சோதனை எஞ்சியது. படியிலிருந்து ஒரு கட்டுரையை மீட்டெடுத்து, முதல் வரிமுதல் இறுதிவரை படித்துப் பார்த்தோம். ஆறாம் ஆண்டு முடித்துச் சென்றுவிட்ட குழந்தை எழுதியது அது. வேறெங்கும் அதற்குப் படியில்லை. ஆசிரியப் பெருமக்களே, திறந்து படித்த படியே படி. மற்றது வெறும் நம்பிக்கை.